மொழிக் கருத்தும் பரிபாஷைக் கருத்தும்: ஆங்கிலத் தொழினுட்ப ஆவணங்களை வாசித்தல்

இஸ்லாம் பாடத்தில் ஸகாத் என்ற அலகைத் தொடங்கும்போது ஆசிரியை கரும்பலகையில் முதலில் எழுதும் இரண்டு வரிகள் எவை என்று ஆறாம் தரத்து மாணவியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். மொழிக் கருத்து: வளர்ச்சி, தூய்மை. பரிபாஷைக் கருத்து: குறித்த அளவை அடைந்த செல்வத்திலிருந்து குறித்த பங்கை அதற்குரியவர்களுக்கு வழங்குதல். ஸவ்ம் என்றால் மொழியில் தடுத்துக்கொள்ளல். ஹஜ் என்றால் மொழியில் நாடுதல். கடைத்தெருவுக்குப் போக நாடியவரை ஹாஜியார் என்று யாரும் அழைப்பதில்லை. அகராதி தரும் பொருள் வேறு, ஒரு துறையார் தமக்குள் உடன்பட்டு வைத்துக்கொண்ட பொருள் வேறு என்பது நமக்குச் சிறு வயதிலேயே ஊட்டப்பட்ட பாடம்.

இந்தப் பாடத்தை ஏன் இஸ்லாம் புத்தகத்தோடு மூடி வைத்துவிடுகிறோம் என்பதுதான் என் கேள்வி. உயர்தரத்தில் தொழினுட்பப் பாடங்களைத் தமிழ் மொழிமூலம் படிக்கும் நாங்கள், பாடநூலுக்கு வெளியே ஓர் அடி வைத்தவுடன் ஆங்கில ஆவணங்களைச் சந்திக்கிறோம். ஓர் உணரியை வாங்கினால் அதன் தரவுத்தாள் ஆங்கிலத்தில். ஒரு மென்பொருளை நிறுவினால் வழிகாட்டி ஆங்கிலத்தில். உடனே அகராதியைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, சேர்த்து வாசித்து, "ஒன்றும் விளங்கவில்லை, எனக்கு இங்கிலீஷ் போதாது" என்று மூடிவிடுகிறோம். தொழினுட்பம் எமக்குச் சரிவராது என்று சில மாணவியர் தீர்மானிப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் அங்கே தடுப்பது ஆங்கிலம் அல்ல. தரவுத்தாளில் வரும் நீண்ட, கடினமான சொற்கள் உண்மையில் ஆபத்தில்லாதவை. தெரியாது என்பது தெரிவதால் தேடிப் பார்ப்போம். ஆபத்தானவை எமக்கு நன்றாகத் தெரிந்த சின்னச் சொற்கள். ஓப்பன், சிங்க், டைப்பிக்கல், நோர்மல் போன்றவை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு தொடராகும்போது பரிபாஷைக் கருத்தை எடுத்துக்கொள்கின்றன. இலண்டனில் பிறந்து வளர்ந்த மரக்கறிக் கடைக்காரர் ஒருவரிடம் அதே தரவுத்தாளைக் கொடுத்தால் அவருக்கும் அது விளங்காது. சொல்லப்போனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரே எளிதில் ஏமாறுவார். அவர் அகராதியைத் தேடவே மாட்டாரல்லவா?

உதாரணங்களுக்கு வருகிறேன். ஆர்டுயினோ ஊனோ பலகையின் நடுவே இருக்கும் நுண்கட்டுப்படுத்தி அட்மெகா 328பி. அதன் தரவுத்தாளில் 'அப்சலூட் மெக்ஸிமம் ரேட்டிங்ஸ்' என்று ஒரு அட்டவணை உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'முழுமையான உச்ச அளவுகள்'. இயங்கு மின்னழுத்தம் 6 வோல்ற்று, ஒரு முனைக்கு 40 மில்லி அம்பியர் என்று அங்கே காண்கிறோம். அகராதிப்படி வாசிப்பவர், "சரி, 40 வரை எடுக்கலாம்" என்றுதான் முடிவு செய்வார். பாதையோரத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர் என்ற பலகையைக் கண்டால் 50 வரை ஓடலாம் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்?

தரவுத்தாளின் வழக்கு அதுவல்ல. அந்த அட்டவணை, "இந்த எல்லையைத் தாண்டினால் சிப் நிரந்தரமாகப் பழுதடையக்கூடும்" என்று மட்டுமே சொல்கிறது. எல்லையைத் தொட்டு நிற்கும்போது சிப் ஒழுங்காக வேலை செய்யும் என்று அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. நீண்ட நேரம் அந்த எல்லையிலேயே வைத்திருந்தாலும் பாதிப்பு வரலாம் என்று அட்டவணைக்கு அருகில் சிறிய எழுத்தில் எழுதியும் இருக்கிறார்கள். வேலை செய்வதற்குரிய அளவு இன்னோர் இடத்தில் வரும்: 1.8 முதல் 5.5 வோல்ற்று வரை. முனையின் வெளியீட்டு மின்னழுத்தத்துக்கு உறுதி சொல்லும் இடத்தில் 5 வோல்ற்றுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ஓட்டம் 20 மில்லி அம்பியர். அதாவது 40 இன் அரைவாசி. ஒரு சிவப்பு ஒளிகாலும் இருவாயியை 220 ஓம் தடையியுடன் 5 வோல்ற்று முனையில் இணைத்தால், இருவாயியில் ஏறத்தாழ 2 வோல்ற்று விழ, மீதி 3 வோல்ற்றை 220 ஆல் வகுக்கச் சுமார் 13.6 மில்லி அம்பியர் வரும். பாடத்தில் 220 ஓமை ஏன் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள் என்பது இந்தக் கணக்கோடு விளங்கும். வீட்டு மொழியில் 'அப்சலூட் மெக்ஸிமம்' என்பதன் பொருள் கிணற்றுக் கட்டு. அதுவரை நடக்கலாம் என்பதற்காக யாரும் கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதில்லை.

அடுத்தது 'டைப்பிக்கல்'. தரவுத்தாளின் அட்டவணைகளில் மினிமம், டைப்பிக்கல், மெக்ஸிமம் என்று மூன்று நிரல்கள் இருக்கும். நடுவில் உள்ளது சாதாரணமாகக் கிடைக்கும் பெறுமானம். உற்பத்தியாளர் பொறுப்பேற்பது ஓரங்களில் உள்ள இரண்டுக்குமே. எல்.எம்.35 என்ற வெப்பநிலை உணரியைப் பாருங்கள். ஒரு பாகை செல்சியசுக்கு 10 மில்லிவோல்ற்று தரும் மலிவான, நல்ல உணரி அது. அறை வெப்பநிலையில் அதன் 'டைப்பிக்கல்' செம்மை கூட்டியோ குறைத்தோ கால் பாகை. ஆனால் அதன் உயர்ந்த வகைக்கே 25 பாகையில் உறுதியளிக்கப்படுவது அரைப் பாகைதான். ஒன்று மற்றதன் இரு மடங்கு. காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்றைச் செயற்றிட்டமாகச் செய்ய நினைப்பவர் எந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடுகிறார் என்பது சிறிய விடயமல்ல. விற்பனைத் துண்டுப்பிரசுரங்கள் பெரிய எழுத்தில் அச்சடிப்பது எப்போதும் எந்த எண்ணை என்று நான் சொல்லத் தேவையில்லை.

தமிழ் மொழிமூலம் படிக்கும் எங்களைத் தனியாகக் குழப்பும் ஒரு சோடியும் உண்டு: 'ஓப்பன்', 'குளோஸ்ட்'. தர்க்கப் பாடத்தில் 'கேட்' என்பதைப் படலை என்று மொழிபெயர்த்துக் கற்கிறோம். வீட்டுப் படலையைத் திறந்தால் ஆள் உள்ளே வரலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும். ஆனால் சுற்று திறந்திருந்தால் மின் ஓடாது! அங்கே திறந்தது என்றால் இடையில் வெட்டுண்டது என்று பொருள்; மூடியது என்றால் வளையம் பூர்த்தியாகிவிட்டது என்று பொருள். இதோடு 'நோர்மலி' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டால் கதை இன்னும் சிக்கலாகிறது. ரிலேயில் 'நோர்மலி ஓப்பன்', 'நோர்மலி குளோஸ்ட்' என்று இரண்டு முனைகள் உண்டு. நோர்மலி என்றால் 'வழக்கமாக' என்று அகராதி சொல்லும். ரிலேயின் வழக்கிலோ அது 'சுருளுக்கு மின் கிடைக்காத நிலையில்' என்பதாகும். நாள் முழுவதும் சுருளுக்கு மின் கொடுத்து வைத்திருந்தாலும் நோர்மலி ஓப்பன் முனையின் பெயர் மாறாது. நீர்த்தாங்கியை நிரப்பும் பம்பியை நோர்மலி குளோஸ்ட் முனையில் இணைத்துவிட்டால், கட்டுப்படுத்தும் பலகை செயலிழந்து கிடக்கும்போது பம்பி ஓடிக்கொண்டே இருக்கும், தாங்கி வழியும். அதே முனையை எச்சரிக்கை மணிச் சுற்றிலே விரும்பியே பயன்படுத்துவார்கள். யாராவது கம்பியை வெட்டினால் உடனே தெரியவேண்டுமே. இன்னொன்று: ரிலேயில் 'என்.சி.' என்று அச்சடித்திருந்தால் அது நோர்மலி குளோஸ்ட். அதே இரண்டு எழுத்துகள் சிப்பின் முனைப் படத்தில் வந்தால் 'நோ கனெக்ஷன்', அதாவது உள்ளே எதனுடனும் இணைக்கப்படாத முனை. பரிபாஷை துறைக்குத் துறை மாறுவதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் கிடைக்காது.

'சிங்க்' என்றதும் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டி நினைவுக்கு வரும். வரட்டும், அது உதவத்தான் செய்யும். ஒரு முனை மின்னோட்டத்தைத் தனக்குள் வாங்கி நிலத்துக்கு அனுப்பினால் அது சிங்க் செய்கிறது. தொட்டித் தண்ணீர் துவாரத்தால் இறங்குவதைப் போல. வெளியே தள்ளினால் 'சோர்ஸ்' செய்கிறது. இரண்டுக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனித்தால் போதும்.

'ஃப்ளோட்டிங்' கொஞ்சம் வேறு. ஒரு உள்ளீட்டு முனையை 5 வோல்ற்றுடனும் இணைக்காமல், நிலத்துடனும் இணைக்காமல் விட்டால் அது மிதக்கிறது என்பார்கள். மிதக்கும் முனை பூச்சியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கையை அருகில் கொண்டுபோனாலே வாசிப்பு மாறும். அதற்காகத்தான் 'புல் அப்' தடையி: சுமார் 10 கிலோ ஓம் தடையி ஒன்றின் ஊடாக முனையை 5 வோல்ற்றுடன் கட்டிவைத்தல். அப்போது ஆளியை அழுத்தாதபோது 1, அழுத்தியதும் 0. இப்படி 0 வரும்போது செயற்படுவதற்கு 'எக்டிவ் லோ' என்று பெயர். 'லோ' என்றால் குறைவு, ஆகவே 'குறைந்த சுறுசுறுப்பு' என்று அகராதி வழியில் போனால் எங்கே போய்ச் சேருவோம் என்று பாருங்கள்! இதே ஃப்ளோட்டிங் என்ற சொல் எண்களைப் பற்றிய பகுதியில் 'ஃப்ளோட்டிங் பொயின்ட்' என்று வரும்போது மிதக்கும் புள்ளி என்று வேறொரு பொருள் தரும். முனையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

'டோன்ட் கெயார்' என்ற தொடரைப் பார்த்து எங்கள் வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். மரியாதையில்லாத பேச்சைப் போல இருக்கிறதல்லவா? மெய்யட்டவணையில் எக்ஸ் குறியால் காட்டப்படும் இது, 'இந்த இடத்தில் 0 இருந்தாலும் 1 இருந்தாலும் எமக்கு வேறுபாடில்லை' என்கிறது. கவனமின்மை அல்ல, கவனித்துப் பார்த்து வந்த முடிவு. நான்கு பிற்றுகளால் 16 சேர்க்கைகள் உருவாகும். 0 முதல் 9 வரையான இலக்கங்களுக்கு அவற்றில் 10 போதும். மீதி 6 உம் ஒருபோதும் வராதவை. ஆகவே கானோ வரைபடத்தில் அவற்றை எமக்கு வசதியான பக்கத்தில் சேர்த்துக்கொண்டு சுற்றைச் சுருக்கலாம். அந்த ஆறையும் 'கவனிக்காமல்' விட்டவருக்குப் பெரிய சுற்றுதான் கிடைக்கும்.

இனி, நான் மிகவும் விரும்பும் உதாரணம். இணையம் இயங்குவதற்கான உடன்பாடுகள் 1969 முதல் ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் இலக்கமிட்டு வெளியிடப்பட்டு வருகின்றன. 1997 மார்ச் மாதத்தில் வெளியான 2119ஆம் இலக்க ஆவணம் சில பக்கங்களே கொண்டது. அதன் வேலை, மற்ற ஆவணங்களில் வரும் சில சின்ன ஆங்கிலச் சொற்களுக்குப் பரிபாஷைக் கருத்தை வகுத்துக் கொடுப்பது மட்டுமே. 'மஸ்ட்' என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். 'மஸ்ட் நொட்' என்றால் முற்றாக விலக்கப்பட்டது. 'ஷுட்' என்றால் செய்வதே முறை. தகுந்த காரணம் இருந்தால், விளைவை நன்கு ஆராய்ந்த பின் விடலாம். 'ஷுட் நொட்' இதன் மறுபக்கம். 'மே' என்றால் விருப்பத்துக்கு விடப்பட்டது.

இதை வாசித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் இருக்கவில்லை. ஃபர்ளு, ஹராம், ஸுன்னத், மக்ரூஹ், முபாஹ் என்று ஐந்து படிகளைச் சின்ன வயதிலேயே மனனம் செய்தவர்கள் நாங்கள். மார்க்கச் சட்டத்தையும் கணினி உடன்பாட்டையும் சமமாக்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏவலுக்கும் விலக்கலுக்கும் இடையே பல படிகள் உண்டு, ஒவ்வொரு படிக்கும் தனிப் பெயர் தேவை என்ற ஒழுங்கைத்தான் சொல்கிறேன். அந்த ஒழுங்கு எமக்குப் பழக்கமானது. தமிழ் மொழிபெயர்ப்பில்தான் அது கலைந்துவிடுகிறது. மஸ்ட் வந்தாலும் 'வேண்டும்', ஷுட் வந்தாலும் 'வேண்டும்' என்றே எழுதிவிடுகிறோம். இரண்டு படிகள் ஒன்றாகிவிடுகின்றன. நான் என் குறிப்புகளில் மஸ்டுக்குக் 'கட்டாயம் வேண்டும்' என்றும் ஷுடுக்குச் 'செய்வது முறை' என்றும் எழுதுகிறேன். 'மே நொட்' என்ற தொடர் அந்த ஆவணத்தின் பட்டியலிலேயே இல்லை. அது 'செய்யக்கூடாது' என்றும் 'செய்யாமலும் இருக்கலாம்' என்றும் இரு வகையாகப் பொருள் தரும் என்பதைப் பார்த்தால் இல்லாமல் இருப்பது நல்லதே. 2017இல் வெளிவந்த 8174ஆம் இலக்க ஆவணம் இன்னும் நுணுக்கமானது: இச்சொற்கள் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால்தான் இந்தப் பரிபாஷைக் கருத்து, சிறிய எழுத்தில் வந்தால் வெறும் மொழிக் கருத்து!

சொற்களுக்கு இவ்வளவு நுணுக்கமாகப் படி வகுப்பது மிகையாகத் தோன்றலாம். 1990 ஜனவரி 25ஆம் திகதி நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது. கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் நோக்கிச் சென்ற அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் இலக்க விமானம், மோசமான காலநிலையால் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக வானிலேயே காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் குறைந்துகொண்டு வந்தது. துணை விமானி கட்டுப்பாட்டாளர்களிடம் 'பிரயோரிட்டி' வேண்டும் என்றார். எரிபொருள் முடிந்துகொண்டு வருகிறது என்றும் சொன்னார். மொழிக் கருத்தில் இரண்டும் சரி. பிரயோரிட்டி என்றால் முன்னுரிமைதானே. ஆனால் விமானப் போக்குவரத்தின் பரிபாஷையில் மற்ற எல்லாவற்றையும் விலக்கி ஓர் விமானத்துக்கு வழிவிடச் செய்யும் சொல் 'எமர்ஜென்சி'. அந்தச் சொல் கடைசிவரை சொல்லப்படவில்லை. விமானம் லோங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். அந்த விமானிக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் விளங்கக்கூடிய ஆங்கிலமே.

விமானமும் சிப்பும் எமக்கெதற்கு என்று நினைக்கும் பெற்றோருக்கு, குசினி அலுமாரியில் இருந்தே இரண்டு மூன்று உதாரணங்கள் தருகிறேன். நகப்பூச்சு நீக்கியிலும் கூந்தலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் 'ஃப்ளேமபிள்' என்று இருக்கும். சில பழைய போத்தல்களில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் 'இன்' முன்னால் வந்தால் பெரும்பாலும் எதிர்ப்பொருள் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். இங்கே அந்த விதி செல்லாது. இரண்டும் 'எளிதில் தீப்பற்றும்' என்றே சொல்கின்றன. தீப்பற்றாதது என்பதற்கு 'நொன் ஃப்ளேமபிள்' என்று வர வேண்டும்.

பரசிட்டமோல் பெட்டியில் வளர்ந்தோருக்கான அறிவுறுத்தல் சுருக்கமாக இப்படி இருக்கும்: 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, தேவைப்பட்டால் 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைகளுக்கு மேல் வேண்டாம். முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு 4 மணித்தியாலத்துக்கு இரண்டு வீதம் எடுப்பவர் ஒரு நாளில் 12 மாத்திரைகளை, அதாவது 6 கிராமை, விழுங்கிவிடுவார். எல்லையோ 8 மாத்திரைகள், 4 கிராம். மிகையானது ஈரலைத் தாக்கும். ஆகவே அந்த வாக்கியத்தில் ஆட்சி செய்வது கடைசித் தொடரான 'நொட் மோர் தேன்'. 'எஸ் நீடட்' என்பதும் நேரம் வந்ததும் எடுக்கச் சொல்லும் கட்டளையல்ல. நோவோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் எடுக்கலாம் என்ற அனுமதி. தடிமனுக்கு வாங்கும் வேறு மாத்திரைகளின் பெட்டியில் 'கன்டெய்ன்ஸ் பரசிட்டமோல்' என்று சிறிய எழுத்தில் இருந்தால் அதையும் இந்த எட்டோடு சேர்த்தே எண்ண வேண்டும். வைத்தியர் உங்களுக்கென்று வேறு அளவு எழுதியிருந்தால் பெட்டியை விட்டுவிட்டு அதையே பின்பற்ற வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

தம்பியின் காய்ச்சல் பாணிப் போத்தலைக் காட்டி உம்மா ஒருநாள் கேட்டார்: "குலுக்கச் சொல்லிப் போட்டிருக்கே மகள், குலுக்காட்டி என்ன வரும்?" நல்ல கேள்வி. 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்பது சம்பிரதாயத்துக்கு அச்சடித்த வரியல்ல. அதே போத்தலில் இன்னோர் இடத்தில் 'சஸ்பென்ஷன்' என்று இருக்கும். மருந்து பாணியில் கரைந்திருக்கவில்லை, தூளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். வைத்த இடத்தில் அது அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் கரண்டிகளில் மருந்து குறைவு, கடைசிக் கரண்டிகளில் அதிகம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று பக்கத்தில் எழுதியிருப்பது குலுக்கிய போத்தலுக்கு மட்டுமே உண்மை. ஒரு சொல் விளங்காவிட்டால் அதே தாளில் அதன் காரணத்தைச் சொல்லும் இன்னொரு சொல் இருக்கும். உம்மா இப்போது மருந்தகத்திலேயே "இது கரைசலா, தொங்கலா?" என்று கேட்கிறார். மருந்தாளர் சிரித்தாலும் பதில் சொல்லத்தான் செய்கிறார்.

'ஃபெயில் சேஃப்' என்பதையும் இந்தப் பகுதியிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள்களின் பெட்டியில் இதைக் கண்டால் 'ஒருபோதும் பழுதாகாது' என்று நம்பிவிடுவோர் பலர். உண்மையில் அது, 'பழுதாகும். ஆகும்போது ஆபத்தில்லாத பக்கத்தில் விழும்' என்கிறது. மின்பூட்டுகளில் இது நன்றாக விளங்கும். மின் நின்றதும் தானே திறந்துகொள்ளும் பூட்டு ஃபெயில் சேஃப். மின் நின்றாலும் பூட்டியே கிடப்பது 'ஃபெயில் செக்யூர்'. பெயரைப் பார்த்தால் இரண்டும் பாதுகாப்பு என்றே தோன்றும். ஒன்று உள்ளே இருக்கும் மனிதருக்கு, மற்றது உள்ளே இருக்கும் பொருளுக்கு. பிள்ளைகள் கூடும் மண்டபத்தின் வெளியேறும் கதவுக்கு எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் குழுவில் இந்த இரண்டு தொடர்களையும் வேறுபடுத்தத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

நான் கையாளும் முறையையும் கேட்பீர்கள். பெரிய முறை ஒன்றுமில்லை. தெரியாத தொடரைக் கண்டதும் அதைத் துண்டாக உடைப்பதில்லை. 'புல்' தனி, 'அப்' தனி என்று பார்த்தால் எதுவும் வராது. அகராதிக்குப் போகுமுன் அதே ஆவணத்துக்குள் தேடுகிறேன். முதல் பக்கங்களில் 'டெஃபினிஷன்ஸ்' என்று ஒரு பகுதி, அட்டவணையின் கீழே 'நோட்ஸ்', கடைசியில் 'குளோசரி' என்று எங்காவது அவர்களே சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் அதே தொடர் வரும் வேறு இரண்டு இடங்களை எடுத்து, பக்கத்தில் நிற்கும் எண்ணையும் அலகையும் படத்தையும் பார்ப்பேன். எண்ணும் படமும் மொழி பேசுவதில்லை, அதனால் பொய்யாகவும் விளங்காது. பிறகு ஒரு கேள்வி: இதை நான் தவறாக விளங்கிக்கொண்டால் எது எரியும், எது வழியும், யாருக்கு நோகும்? விடை 'ஒன்றுமில்லை' என்றால் தாண்டிப் போய்விடலாம். 'தாங்கி வழியும்' என்றால் ஆசிரியையிடம் கேட்கும்வரை இணைப்பதில்லை. கைபேசி மொழிபெயர்ப்பியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அது பெரும்பாலும் மொழிக் கருத்தோடு நின்றுவிடுகிறது.

தமிழ்க் கலைச்சொல் இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகள் வெளியிட்டிருக்கிறது. அதற்கு வெகு காலத்துக்கு முன், 19ஆம் நூற்றாண்டிலேயே, மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பிறமொழிப் பரிபாஷையைத் தமிழில் பிடித்து வைப்பது இந்த நாட்டில் புதிய வேலையல்ல. என் கொப்பியில் ஒவ்வொரு தொடருக்கும் மூன்று நிரல்கள்: மொழிக் கருத்து, பரிபாஷைக் கருத்து, எந்தத் துறை. மூன்றாவது நிரல் இல்லாவிட்டால் என்.சி. போன்றவை காலை வாரிவிடும்.

அந்தக் கொப்பியில் கடைசியாக ஏறியது 'ரிசேர்வ்ட்'. பஸ்ஸின் முன் ஆசனத்தில் மதகுருமாருக்கென்று ஒதுக்கி எழுதியிருப்பதைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்த சொல். அட்மெகாவின் பதிவேடுகளைக் காட்டும் படங்களில் சில பிற்றுகளுக்குப் பெயர் இராது. அவை ரிசேர்வ்ட் என்று விடப்பட்டிருக்கும். இப்போதைக்கு அவை எந்த வேலையும் செய்வதில்லை. பின்னர் வரும் சிப்புகளுக்காக உற்பத்தியாளர் ஒதுக்கி வைத்தவை; எழுதும்போது அவற்றில் பூச்சியமே எழுத வேண்டும். 1 எழுதினாலும் இன்று ஒன்றும் நடக்காதே என்று எழுதி வைத்தால், அந்தப் பிற்றுக்கு வேலை கொடுக்கப்பட்ட புதிய சிப்பில் அதே நிரல் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆசனம் காலியாக இருக்கிறதென்று அமர்ந்துவிட்டு, அடுத்த தரிப்பில் ஹஸரத் ஏறியதும் பையையும் தூக்கிக்கொண்டு எழும்புவதைப் போல. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிக் கருத்துக்கும் பரிபாஷைக் கருத்துக்கும் ஒரே வரியையே எழுதினேன்.